வெள்ளைச் சேட்டும் கறுப்புப் பெயர்ப்பட்டியும்

தர்மபுரத்திலிருந்து அம்மா ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சிலரிடம் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் பங்குக்கு ஒவ்வொன்று எழுதித் தந்துவிட்டார்கள். ஆகவே இந்த முறை சினிமாவும் அரசியலும் ஓய்வெடுக்கட்டும். முழுக்க முழுக்க மோர்மன் சபையின் இளம் ஊழியர்கள் பற்றியே.

ஸ்காபுறோவில இருக்கிற என்ர தங்கச்சி வீட்டுக் கதவை ரெண்டு வெள்ளைக்காரப் பொடியங்கள் தட்டினாங்களாம். வெள்ளைச் சேட்டு, கழுத்துப்பட்டி, நெஞ்சிலே கறுப்புப் பெயர்ப்பட்டி. ரெண்டு பேருக்கும் 'எல்டர்' எண்டுதான் பேர். ஆர் இவங்கள்?
— குடும்பத் தலைவி, தர்மபுரம்

'எல்டர்' பேரில்லை அம்மா, பட்டம். அதற்குப் பின்னால் இருப்பதுதான் அவரவருடைய குடும்பப் பெயர். ஊர் இவர்களை மோர்மன்கள் என்று சொல்லும். அவர்கள் தங்களைப் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பார்கள். 1830-இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை; இன்றைக்குத் தலைமையிடம் யூட்டா மாநிலத்துச் சோல்ட் லேக் நகரம். அந்தச் சபைப் பொடியங்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். முந்தி 19 வயது ஆகவேண்டும் என்றிருந்தது. 2012-இல் அதை 18 ஆக்கினார்கள். பெண்பிள்ளைகளும் போகிறார்கள், அவர்களுக்கு 18 மாதம், 'சிஸ்டர்' என்ற பட்டம். எந்த நாடு என்பதை அவர்கள் தெரிவு செய்ய முடியாது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பார்கள், சபையிடமிருந்து வரும் அழைப்பில் எந்த ஊர் இருக்கிறதோ அங்கே போகவேண்டும்.

அவையின்ர ஒரு கிழமை எப்பிடிப் போகும்? சும்மா சுத்தித் திரியிறதுதானே?
— உயர்தர மாணவன், தர்மபுரம்

உன்னுடைய வயதுதான் தம்பி அவனுக்கும். நேர அட்டவணையைக் கேட்டுவிட்டுச் சொல்.

திங்களில் தொடங்குவோம். கிழமையில் மூச்சுவிடும் நாள் அவர்களுக்கு அது ஒன்றுதான். ஆயத்த நாள் என்பார்கள். உடுப்புத் தோய்ப்பது, சலூனுக்குப் போவது, கிழமைக்கு வேண்டிய அரிசி மரக்கறி வாங்குவது, அறை கூட்டுவது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். நேரம் மிஞ்சினால் பந்தடிப்பார்கள். பின்னேரம் ஆறு மணியோடு ஓய்வு சரி. திரும்பவும் சேட்டு, கழுத்துப்பட்டி, வீதி.

மற்ற நாள்களில் காலை ஆறரைக்கு எழும்பவேண்டும். அரை மணி நேரம் தேகப்பயிற்சி. குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குத் தனியே வேதப் படிப்பு, ஒன்பது மணிக்கு இருவரும் சேர்ந்து படிப்பு. புது மொழி கற்கிறவனுக்கு அதற்கும் தனி நேரம். பிறகு வெளியே இறங்கினால் இரவு ஒன்பது மணியளவில்தான் அறைக்கு வருவார்கள். அடுத்த நாள் யார் யார் வீட்டுக்குப் போவது என்று குறித்துவைத்துவிட்டுப் பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். பல்லாண்டு காலம் உலகம் முழுக்க இந்த ஒரே அட்டவணைதான். 2017 முதல் நாட்டுக்கேற்பக் கொஞ்சம் இளக்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

வெளியே என்ன செய்வார்கள்? கதவு தட்டுவார்கள். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவரிடம் கதை கொடுப்பார்கள். வரச் சொன்ன வீட்டில் பாடம் சொல்வார்கள். கேட்டால் தோட்டம் கொத்துவார்கள், வேலி அடைப்பார்கள், வீடு மாறுபவருக்குச் சாமான் தூக்குவார்கள். கிழமையில் ஒரு முறை அயலில் உள்ள ஊழியர்கள் கூடிப் பழகுவார்கள். ஒருவன் கோபக்கார வீட்டுக்காரனாக நடிப்பான், மற்றவன் அவனிடம் பேசிப் பார்ப்பான். ஞாயிறு ஆராதனை. அப்பமும் தண்ணீரும்தான் அவர்களுடைய திருவிருந்து, திராட்சை இரசம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்கென்று கொடுப்பார்கள்.

படம் இல்லை, காதல் இல்லை, கடலில் குளிப்பதுகூட இல்லை. பெரும்பாலான கதவுகள் முகத்துக்கு நேரே சாத்தப்படும். மாலை நான்கு மணிக்கு, பத்துக் கதவு சாத்தப்பட்ட பிறகு, பதினொராவது கதவுக்கு முன்னால் சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டு நிற்கிற பத்தொன்பது வயதுப் பொடியனை நினைத்துப் பார். நீ அவனுடைய மதத்தை ஏற்க வேண்டியதில்லை. 'சும்மா சுற்றுகிறான்' என்று மட்டும் சொல்லாதே.

எப்பவும் சோடியாத்தான் வருவினமாம். தனிய இருக்கவே ஏலாதா?
— தையல் கடைக்காரி, விசுவமடு

குளியலறை தவிர வேறெங்கும் ஏலாது. கூட்டாளியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. கூட்டாளியையும் சபைதான் ஒதுக்கும். ஆறு கிழமைக்கு ஒருமுறை மாற்றம் வரலாம். ஒரே அறையில், முன்பின் தெரியாத ஒருவனோடு, சண்டை வந்தாலும் அன்றிரவே தீர்த்துக்கொண்டு படுக்க வேண்டும். பாடம் சொல்வதைவிட இது கடினமான வேலை என்றே நினைக்கிறேன்.

சம்பளம் எவ்வளவு?
— முச்சக்கரவண்டிச் சாரதி, பரந்தன்

ஒரு சதமும் இல்லை. அவன்தான் கட்டவேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவன் மாதம் 500 டொலர் கட்டுகிறான். 2020 நடுப்பகுதி வரை 400 ஆக இருந்தது. செலவு கூடிய நாட்டுக்குப் போனாலும் குறைந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகைதான். பள்ளிக்கூட விடுமுறையில் வேலை செய்து சேர்த்தது, தகப்பன் தாய் தந்தது, போதாவிட்டால் சபையார் தந்தது என்று ஒப்பேற்றுவார்கள். வறிய நாட்டுப் பிள்ளைகளுக்குச் சபை கைகொடுக்கிறது.

தேத்தண்ணி குடிக்க மாட்டினம் எண்டது உண்மையோ? அப்ப வீட்டுக்கு வாறவைக்கு என்னத்தைக் குடுக்கிறது?
— தேத்தண்ணிக் கடை உரிமையாளர், ஏ-35 வீதி

உண்மைதான் ஐயா. தேத்தண்ணி, கோப்பி, சாராயம், கள்ளு, சுருட்டு எதுவும் தொடமாட்டார்கள். 1833-இல் ஜோசப் ஸ்மித் சொன்ன ஒழுங்கு அது. சூடான பானம் என்று அதில் வருவதைத் தேயிலையும் கோப்பியும் என்று சபை வரையறுத்து வைத்திருக்கிறது. தேயிலை விளையும் நாட்டில், கால் வைத்த வீட்டிலெல்லாம் பிளேன்டீயை நீட்டுகிற எங்கள் சனத்துக்கு முன்னால், இது சின்னச் சோதனை இல்லை. எத்தனையோ வீட்டில் அம்மாமார் முகம் வாடியிருக்கும்.

ஆனால் எங்களிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லையா? கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் நடந்து வருபவனுக்கு வேண்டியது தேத்தண்ணியே இல்லை. செவ்விளநீர் வெட்டுங்கள். இல்லாவிட்டால் உப்புப் போட்ட மோர், தேசிக்காய்த் தண்ணி. தடிமன் என்றால் மல்லி அவித்துக் கொடுங்கள். அது தேயிலை இல்லை, குடிப்பான். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். வந்த ஊரின் வயிறு வேறு.

தாய் தகப்பனோட கதைக்க விடுவினமோ?
— மூன்று பிள்ளைகளின் தாய், கண்டாவளை

இப்போது விடுகிறார்கள். 2019 பெப்ரவரி வரை வருடத்தில் இரண்டு நாள்தான்: நத்தாரும் அன்னையர் தினமும். மற்றபடி கிழமைக் கடிதம் மட்டும். அந்த மாதத்திலிருந்து கிழமைக்கு ஒரு தடவை ஆயத்த நாளில் தொலைபேசியிலோ காணொளியிலோ வீட்டாரோடு பேசலாம் என்று மாற்றினார்கள். மிக நல்ல மாற்றம். அதற்கு முன் வருடத்தில் இரண்டு அழைப்போடு பிள்ளையை விட்டிருந்த தாய்மார் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று மற்ற ஊரில் விளக்க வேண்டியிருக்கலாம், கண்டாவளையில் வேண்டாம்.

கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20-இல் உட்கார்ந்த தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை எங்கே என்று கேட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கேட்டபடியே பலர் இறந்தும் போனார்கள். பிள்ளையின் குரலைக் கிழமைக்கு ஒருமுறை கேட்பதற்கு ஒரு சபை விதி மாறினால் போதுமாக இருந்தது யூட்டாவில். இங்கே அரசாங்கங்கள் மாறியும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஒரு தாய்க்குப் பிள்ளை இருக்கும் இடம் தெரிய வேண்டும். எந்தச் சபையானாலும் எந்த அரசானாலும் அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நாங்கள் மெதடிஸ்த திருச்சபை. இவர்களையும் கிறிஸ்தவர்கள் என்று ஏற்கலாமா?
— சபை மூப்பர், வவுனியா

இயேசுவின் பெயரால் செபிக்கிறவனைப் பார்த்து நீ கிறிஸ்தவன் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் வேறுபாடு பெரியது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள் என்பது அவர்கள் போதனை. வேதாகமத்தோடு மோர்மன் புத்தகத்தையும் வேதமாக வைக்கிறார்கள். அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001-இல் அறிவித்தது. உங்கள் போதகரோடு இருந்து பேசவேண்டிய விசயம் இது.

ஒருத்தர் பல பெண்களைக் கட்டலாமாமே?
— பெயர் வேண்டாம், முறிகண்டி

1890-இல் சபை கைவிட்டுவிட்டது. இன்று அப்படிச் செய்தால் சபையை விட்டு நீக்குவார்கள். அதைத் தொடர்பவர்கள் பிரிந்துபோன வேறு குழுக்கள்.

எங்கட பக்கம் இவை முதல் எப்ப வந்தவை?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், கிளிநொச்சி

1853. மேற்படி முறிகண்டிக் கேள்வியோடு தொடர்புள்ள கதை இது. 1852 ஓகஸ்டில் சோல்ட் லேக் நகரில் ஒரு மாநாடு நடந்தது. முதல் நாள் உலகத்தின் நாலா பக்கத்துக்கும் ஊழியர்களைப் பேர் சொல்லி அழைத்தார்கள். அடுத்த நாள் பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். ஊழியர்கள் குதிரையிலும் கப்பலிலும் ஊர்ந்து வந்து சேர முன்னமே அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்து சேர்ந்துவிட்டது. பிறகு யார் கதவைத் திறப்பார்கள்?

1853 ஜனவரி முடிவில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறிய பதின்மூன்று பேர் ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் சென்னைக்கு வந்தார். சோல்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய மனிதர். ஒரு வருடம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் உத்தியோகத்தருக்கும் போதித்துப் பார்த்து, உடம்பு முடியாமல் 1854-இல் திரும்பினார். சீயத்துக்கென்று (இன்றைய தாய்லாந்து) அனுப்பப்பட்ட சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்ற இருவர் அங்கே போக வழியில்லாமல் இலங்கைக்கு வந்தார்கள். இங்கும் கதவு திறக்கவில்லை. பம்பாய்க்குப் போய்விட்டார்கள்.

அதற்கு நூறு வருடம் கழித்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கோயம்புத்தூரில் சிமெந்து ஆலையில் கணக்காளராக இருந்த பால் திருத்துவதாஸ் 1954-இல் ஒரு பழைய புத்தகத்துக்குள் இந்தச் சபையின் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கண்டார். கதவு தட்ட எவரும் வரவில்லை. அவராகவே சோல்ட் லேக்குக்குக் கடிதம் எழுதினார். பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து 1965-இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவர் இருந்து மொழிபெயர்த்தார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். மோர்மன் புத்தகத்தின் தெரிந்தெடுத்த பகுதிகள் 1982-இல் தமிழில் வந்தன. கப்பலில் வந்தவர்களால் ஆகாத காரியம், தானாகத் தேடிப்போன ஒரு கணக்காளரால் ஆனது.

அமெரிக்க மிசன்காரர் யாழ்ப்பாணத்தில் கல்லூரியும் ஆசுபத்திரியும் கட்டினார்கள். இவர்கள் இரண்டு வருடத்தில் என்ன செய்துவிட முடியும்?
— ஆசிரியர், விசுவமடு

நியாயமான கேள்வி. 1816-இல் வந்த அமெரிக்க மிசன்காரர் தங்கிவிட்டவர்கள். டானியல் பூர் தெல்லிப்பழையில் தொடங்கி, 1823 முதல் வட்டுக்கோட்டை செமினரியை நடத்தினார். 1824-இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833-இல் இங்கேயே இறந்தார், வயது 36. 1847-இல் தன் இருபத்தைந்தாவது வயதில் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நாலாயிரம் பக்கத்துக்கு மேல் தமிழில் மருத்துவ நூல் ஆக்கித் தந்தார். தமிழில் படித்து வைத்தியராகலாம் என்று நூற்றைம்பது வருடத்துக்கு முன்னமே காட்டிய மனிதர் அவர்.

மோர்மன் பொடியனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவன் வைத்தியனுமில்லை, ஆசிரியனுமில்லை. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை. இரண்டு வருடத்தில் அவன் கட்டும் கட்டிடம் ஒன்றும் மிஞ்சாது. மொழி மிஞ்சும். யூட்டாவில் எத்தனையோ சாதாரண வீடுகளில் ஜப்பானிய மொழியும் போர்த்துக்கேயமும் பேசுகிறவர்கள் இருப்பது இந்த ஊழியத்தால்தான். வந்து போனவன் ஒரு சனத்தின் மொழியில் யோசிக்கப் பழகிப் போகிறான் என்றால், அந்தச் சனத்தைப் பற்றி வெளியே பேச இன்னொரு வாய் இருக்கிறது. எங்களுக்கு அது எவ்வளவு தேவை என்று போர் முடிந்த 2009-இல் பட்டு அறிந்தோம்.

செத்தவைக்கும் ஞானஸ்நானம் குடுப்பினமாம். எங்கட ஆக்களுக்கும் குடுத்துவிடுவினமோ?
— ஓர் அக்கா, புதுக்குடியிருப்பு

கொடுப்பது உண்மை. உயிரோடு இருக்கும் ஒருவர் இறந்தவருக்காகத் தண்ணீரில் மூழ்கி எழும் சடங்கு, 1840 முதல் இருக்கிறது. அதற்காகத்தான் உலகம் முழுக்க வம்சாவளிப் பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். இறந்தவர் விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹிட்லரின் முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களுக்கும் இப்படிச் செய்தபோது யூதர்கள் கொதித்தெழுந்தார்கள். 1995-இல் சபை உடன்பாடு செய்து நிறுத்தச் சம்மதித்தது. தங்கள் சொந்தக் குடும்பத்தின் பெயர்களையே கொடுக்கவேண்டும் என்பது சபையின் ஒழுங்கு.

முள்ளிவாய்க்காலில் விட்டுவந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை அக்கா. அவர்களுடைய பெயர்தான் எங்களிடம் மிச்சம். அந்தப் பெயரை எந்தச் சடங்குக்கும், எந்த மேடைக்கும், எந்தச் சபைக்கும் வீட்டாரைக் கேளாமல் எடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

மீளக்குடியேறின நேரம் அரிசியும் தகரமும் தந்திட்டு, ஞாயிற்றுக்கிழமை செபத்துக்கு வாங்கோ எண்டு சிலர் கேட்டவை. இவையும் அந்த மாதிரியோ?
— தகப்பன், தர்மபுரம்

உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. 2008 கடைசியில் கிளிநொச்சி ஆசுபத்திரியே தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. 2009 ஜனவரி நடுப்பகுதியில் தர்மபுரமும் இடம்பெயர்ந்தது. மெனிக்பாம் முகாமால் வந்த சனம் நின்றது வெறும் நிலத்தில். அந்த நேரம் நீட்டிய அரிசிக்குப் பின்னால் நிபந்தனை வைத்தவர்கள் செய்தது ஊழியமில்லை, வியாபாரம். அதே நேரம், குண்டு விழுந்த பதுங்குகுழி வரைக்கும் சனத்தோடு நின்ற குருமாரும் கன்னியாஸ்திரிகளும் இருந்தார்கள். எந்த மதம் என்று கேளாமல் கஞ்சி ஊற்றினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மோர்மன் பொடியன் பொருள் கொண்டுவருவதில்லை. மாறாக, சேர்ந்தால் வருமானத்தில் பத்தில் ஒன்று சபைக்குக் கேட்பார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் ஒருவர் ஆம் சொல்ல வேண்டும். பசியில் சொன்ன ஆமும், பயத்தில் சொன்ன ஆமும் எனக்குக் கணக்கில் இல்லை. வயிறு நிறைந்திருக்கும் நாளில், வாசலில் நின்று, யோசித்து, 'ஓம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல எங்கள் சனத்துக்கு முடியவேண்டும். அதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இப்பிடி மதம் பரப்பச் சட்டம் இடம் குடுக்குதோ?
— சட்ட மாணவி, யாழ்ப்பாணம்

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் எவருக்கும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) மதத்தை வழிபாட்டாலும் போதனையாலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தைப் பிரசைகளுக்குத் தருகிறது. ஆனால் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய 2003-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2005-இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதை உரிமை மீறல் என்றது. 2004-இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் சட்டமாகவில்லை. நீங்கள் படித்து முடிக்கும்போது இந்த முடிச்சு அவிழாமல்தான் இருக்கும், ஆராய்ச்சிக்கு எடுங்கள்.

எங்கட பொடியங்களையும் இப்பிடி ரெண்டு வருசம் எங்கையாவது அனுப்பினா உருப்படுவாங்கள். என்ன சொல்லுறியள்?
— பலசரக்குக் கடைக்காரர், வட்டக்கச்சி

'அனுப்பினால்' என்ற சொல்லுக்கு நான் பயப்படுகிறேன் அண்ணை. வன்னியில் பதினெட்டு வயதையும் அதற்குக் கீழேயும் வீட்டுக்கு ஓராளென்று போருக்குக் கொண்டுபோன காலத்தை நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. மோர்மன் வீடுகளிலும் இந்தக் கரைச்சல் உண்டு. போகாத பொடியனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மனம் உடைந்து பாதியில் திரும்பி வருபவன் தலை நிமிர்ந்து நடக்கச் சிரமப்படுவான். காலை ஆறரைக்கு எழும்பும் பழக்கத்தைப் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே பழக்கலாம். மற்றதை அவனாகக் கேட்டால் விடுங்கள்.

கதவு தட்டினால் என்ன செய்வது? சுருக்கமாகச் சொல்லவும்.
— வங்கி உத்தியோகத்தர், முல்லைத்தீவு

குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். கேட்க விருப்பம் என்றால் இருத்திக் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் 'தம்பி, எங்களுக்கு வேண்டாம், திரும்ப வரவேண்டாம்' என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். 'நாளைக்கு வாங்கோ' என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். நம்பி அட்டவணையில் குறித்துக்கொண்டு வெயிலில் வருவான். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகளோடு இருக்க எவரையும் விடவேண்டாம். கையோங்கவோ நாயை அவிழ்த்துவிடவோ கூடாது.

கொழும்பில படிக்கிற மகளுக்கு இந்தச் சபைப் பொடியங்கள் ரெண்டு பேரைத் தெரியுமாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறாள். வருவாங்களோ?
— கமக்காரர், தர்மபுரம்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசித் திங்கள். அவர்களுக்கு ஆயத்த நாளும் திங்கள். ஆனால் ஒதுக்கிய எல்லையைத் தாண்ட மேலிடத்து அனுமதி வேண்டும், ஆறு மணிக்கு வேலைக்கும் திரும்பவேண்டும். பொங்கல் களைகட்டுவதே அதற்குப் பிறகுதான். ஊழியம் முடித்து வீட்டுக்குப் போனவர்களில் பலர், வேலை செய்த நாட்டைப் பார்க்கத் தகப்பன் தாயையும் கூட்டிக்கொண்டு திரும்ப வருவதுண்டு. அப்போது அழையுங்கள். உப்புநீரில் விளக்கெரியும் கதையை நீங்களே சொல்லுங்கள், மகள் மொழிபெயர்க்கட்டும். இரண்டு வருடம் பிறர் வீட்டில் தன் நம்பிக்கையைச் சொன்னவனுக்கு, உங்கள் நம்பிக்கையை உட்கார்ந்து கேட்கத் தெரியும்.